ரேடியம் கடிகாரமும் கத்தும் பெட்டியும்

ஒரு வீட்டில் ஒரு ரேடியம் கடிகாரம் இருந்ததாம். இருட்டில் அதன் முள்ளும் எண்களும் பச்சையாய் மினுங்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்கப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். பிறகு, ரேடியம் ஆளையே கொல்லும் என்று யாரோ சொல்ல, வீடே நடுங்கிப்போய் அதைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டது.

பல வருஷம் கழித்துச் சாக்கு அவிழ்ந்தது. எதிரே, கதிர்வீச்சை அளக்கிற பெட்டி ஒன்று படபடவென்று கத்தியது.

"என்னைப் பார்த்ததில் இவ்வளவு சந்தோஷமா தம்பி?" என்று பூரித்தது கடிகாரம்.

"சந்தோஷமாவது! உங்களிடம் கதிர் இருக்கிறது என்று சொல்கிறேன் அண்ணே. நான் ரொம்பக் கத்தினால் உங்களைக் குழிதோண்டிப் புதைத்துவிடுவார்கள்."

"ஐயோ, மெதுவாய்ப் பேசேன்!"

"எனக்குப் பொய் வராதே."

வீட்டுக்காரர் வாசலுக்கே ஓடிவிட்டார். பெட்டியைக் கொண்டுவந்த அறிவியல் காட்சிக்கூடத்துப் பெண்ணோ அதைத் தூக்கிக்கொண்டு சற்றுப் பின்னால் நகர்ந்தாள். கத்தல் முணுமுணுப்பாய் அடங்கியது. "இவ்வளவு தள்ளி நின்றால் போதும். கடிகாரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்றாள்.

காட்சிக்கூடத்தில் கடிகாரத்துக்குக் கண்ணாடிக் கூண்டு; தரையில் மஞ்சள் கோடு; கோட்டுக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடமே திரண்டு நின்றது. கடிகாரத்துக்குத் தலைகால் புரியவில்லை. விளக்கை அணைத்தார்கள். கதிர் அப்படியே இருந்தாலும், மினுங்குகிற பழைய பூச்சு கெட்டுப்போய், ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை.

"சே, இவ்வளவுதானா?" என்று பிள்ளைகள் திரும்பினார்கள்.

கடிகாரம் பதறிப்போய், கூண்டருகே இருந்த பெட்டியிடம் கூவியது: "கத்து தம்பி! தொண்டை கிழியக் கத்து!"

பெட்டி கத்தியது. போன பிள்ளைகள் அத்தனை பேரும் ஓடிவந்து கோட்டில் முட்டி மோதினார்கள்.