மிச்ச மின்சாரம் யாருக்கு?

“இந்தப் பொண்ணு மின்சாரத்தை ஒளிச்சு வெச்சிருக்கு” என்றார் வெண்டெல், நாற்காலியை இழுத்துப் போடும்போதே.

ஹூஸ்டனில் அந்த அறையில் இருந்தவர்களுக்கு விண்வெளி நிலையத்தின் மின்சாரத்தைப் பங்கு போடுவதுதான் வேலை. பழைய சூரியத் தகடுகளுக்கு மேல் புதுத் தகடுகளை விரித்தாகிவிட்டது. புதுசின் நிழல் பழசின் மேல் எவ்வளவு விழும், மொத்தம் எவ்வளவு மின்சாரம் வரும் என்று கணித்துச் சொல்பவள் லொரெய்ன்.

ஆராய்ச்சியாளர் வெண்டெலின் குளிர்பெட்டி ஒன்று மேலே நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே புற்றுநோய் செல்கள். இரண்டாவது பெட்டியும் அடுத்த கப்பலில் ஏறினால்தான் ஆராய்ச்சி முடியும். மின்சாரம் இல்லை என்று லொரெய்ன் கையை விரித்துவிட்டாள்.

உண்மையில் வந்த மின்சாரத்தின் அளவீடுகளை வெண்டெல் திரையில் போட்டார். அவள் சொன்னதைவிட தினமும் கூடுதலாகத்தான் வந்திருந்தது.

“கால்வெஸ்டன் கடற்கரைல இறால் விக்கிறவன்கூட இப்படி அமுக்கி நிறுக்க மாட்டான். படிச்சவங்க செய்ற வேலையா இது?”

கூட்டத் தலைவர் ஹார்லன் லொரெய்னைப் பார்த்தார். நிழலைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டேன் என்றாள். தெரிந்தே போட்டாயா என்று கேட்டார். ஆமாம் என்றாள். ஏன் என்றதற்கு மட்டும் பதில் வரவில்லை.

அடுத்த தகடுகளுக்கான கணக்கு அவள் கையை விட்டுப் போயிற்று. மிச்ச மின்சாரத்தை வெண்டெலுக்குக் கொடுப்பது பற்றி நாளைக்குப் பேசலாம் என்று ஹார்லன் எழுந்தார்.

காபி மெஷின் பக்கத்தில் வெண்டெல் அவளைப் பிடித்துக்கொண்டார். ஜெயித்தும் கோபம் அடங்கவில்லை.

“கேக்கறப்ப வாயத் திறந்து சொல்லக்கூடாதா, மேடம்? வேற எவனுக்கு எடுத்து வெச்சீங்க?”

லொரெய்ன் திரும்பிப் பார்த்தாள். ஹார்லன் போய்விட்டிருந்தார்.

“உங்களுக்குத்தான் வெண்டெல். எடம் கிடைக்கணும்னு முந்நூறு வாட் போதும்னு சொல்லி ஏத்தினீங்களே, அந்தப் பெட்டி மொதல் நாள்லேர்ந்து ஐந்நூறு இழுக்குது. உள்ள வாயத் திறந்திருந்தா, இந்நேரம் அதை அணைக்கச் சொல்லியிருப்பாங்க.”