சிவப்புக் கம்பி

“அண்ணா, அந்தக் கம்பியை மாட்ட வேண்டாம். மாட்டியாச்சுன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லுங்க.”

திம்மப்பன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். ராயக்கோட்டை ரோட்டில் அவர் ஷெட் போட்டு இருபத்தாறு வருஷம் ஆகிறது. மாட்டாததை மாட்டினேன் என்று கதை விடுகிற மெக்கானிக்குகளை அவர் பார்த்திருக்கிறார். வண்டிக்காரரின் மனைவியே வந்து அப்படிச் சொல்லச் சொல்வது இதுதான் முதல் தடவை.

“மொதல்ல இருந்து சொல்லும்மா,” என்றார்.

ஜெயப்ரியா சொன்னாள். ஏழு மாதத்துக்கு முன்னால், மழையில், இதே ரோட்டு வளைவு ஒன்றில் கார் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஓட்டியவர் அவள் கணவர் மணிவேல். அவருக்குச் சிராய்ப்புகூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் சுவாதிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. எலும்பு கூடி, அவள் பர்கூர் இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலுக்கும் திரும்பிவிட்டாள். அன்றைக்குக் காரைவிட்டு இறங்கிய மணிவேல் மட்டும் இன்னும் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

“‘அப்பா காரெடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போனாத்தான் வீட்டுக்கு வருவேன்’னு அவ ஒரே பிடிவாதம்ணா. பொங்கலுக்கும் வரல, தேருக்கும் வரல. இவரைக் கேட்டா, ‘வண்டி வளைவுல சாயுது, பின்னாடி தடிமனா ஸ்வே பார் போட்டாத்தான் எடுப்பேன்’ங்கறாரு. ஆறு மெக்கானிக்கைப் பாத்துட்டேன். ஒருத்தரும் ஒத்துக்கல.”

“எப்படிம்மா ஒத்துக்குவாங்க?”

ஸ்வே பார் என்பது காரின் அடியில், வளைவில் வண்டி சாயாமல் இருக்க இந்தப் பக்கத்துச் சக்கரத்தையும் அந்தப் பக்கத்துச் சக்கரத்தையும் இணைக்கிற வளைந்த கம்பி. அவள் ஆள் வைத்து ஓட்டிவந்திருந்த காருக்கு அடியில் குனிந்து, திம்மப்பன் அதை அவளுக்குக் காட்டினார்.

“தடிமனாப் போட்டா, வித்தியாசம் நெஜமாவே தெரியுமாண்ணா?”

“ரேஸ் ஓட்டறவனுக்குத் தெரியும். டூட்டிக்கும் மார்க்கெட்டுக்கும் போறவருக்கு என்னத்த தெரியப்போவுது? மழை பேஞ்சா பின்பக்கம் இன்னும் வழுக்கும். சாருக்கு வந்திருக்கறது பயம்மா. அதுக்குக் கம்பி மருந்தில்ல.”

“அதனாலதாண்ணா சொல்றேன். இந்தப் பழசையே கழட்டிக் குடுங்க, செவப்பு பெயிண்ட் அடிச்சுடலாம். அவரு போன்ல காட்டின புதுக் கம்பி செவப்பாத்தான் இருந்துச்சு.”

“சார் கண்டுபிடிச்சுட்டா?”

“அவரா? பேருக்குத்தான் பார்ட்ஸ் கம்பெனி. வீட்ல ஒரு பல்பு மாட்டத் தெரியாது.”

ஓசூரில் தெருவுக்குப் பத்துப் பேர் பார்ட்ஸ் கம்பெனிதான். இந்த வாரம் என்ன ஷிப்ட், கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு என்று வீட்டில் கேட்பார்கள். என்ன பார்ட்ஸ் என்று யாரும் கேட்பதில்லை.

திம்மப்பன் கொஞ்ச நேரம் காது மடலைத் தேய்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் பெண் பிள்ளை இருக்கிறது.

“பொய்யை நீயே சொல்லிக்கோம்மா. நான் வாயைத் தொறக்கல. கம்பியைப் பிடிச்சிருக்கிற ரப்பர் புஷ் தேஞ்சிருக்கு, அதை மாத்தித் தரேன். அது நெஜமான வேலை.”

பெயிண்டை அவளே அடித்தாள். பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து, இரண்டு கோட்டிங், விரல் இடுக்கெல்லாம் சிவப்பாக.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மணிவேல் வந்தார். ஊசி போட்டுக்கொள்ள வந்தவர் மாதிரி மனைவிக்குப் பின்னாலேயே நின்றார். பிறகு மெல்லக் குனிந்து, காருக்கு அடியில் கைவிட்டுக் கம்பியைத் தொட்டார். அந்தக் கை அங்கேயே வெகுநேரம் இருந்தது. திம்மப்பன் துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தார்.

“நல்லாத் தடிமனாப் போட்டிருக்கீங்க,” என்றார் மணிவேல். ஜெயப்ரியாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். திம்மப்பன் பக்கத்தில், ஜெயப்ரியா பின்னால். மணிவேலின் நெற்றி வியர்த்து வழிந்தது. அந்த வளைவு வந்ததும் கார் ஆமையாய் ஊர்ந்தது. தாண்டியதும் மணிவேல் காரைத் திருப்பி, யாரும் சொல்லாமலே இன்னொரு முறை அதே வளைவில் விட்டார். இந்த முறை கொஞ்சம் வேகமாக.

“எப்படிங்க இருக்கு?”

“சாயவே இல்ல ஜெயா. வித்தியாசம் நல்லாத் தெரியுது.”

ஷெட்டுக்குத் திரும்பியதும் அவள் போனை எடுத்துக்கொண்டு ஓரமாக ஓடினாள். “சுவாதி, பையை எடுத்து வையிடி. அப்பா வர்றாரு, கார்ல,” என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

திம்மப்பனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. புதுக் கம்பி இருக்கிறது என்று நம்பி இந்த மனுஷன் வேகமாகப் போய்விட்டால்? மணிவேலைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சார், கம்பியை நம்பி வளைவுல வேகமாப் போயிடாதீங்க. அது வந்து…”

“தெரியும்ணா, பழைய கம்பிதான். கை வெச்சதுமே தெரிஞ்சுபோச்சு. அவகிட்ட சொல்லிடாதீங்க.”

“தேவுடா. எப்படி சார் தெரிஞ்சுது?”

“எங்க கம்பெனியில பதினெட்டு வருஷமா ஸ்வே பார் வளைக்கிற மெஷின்லதான் நிக்கறேன். தடிமனான கம்பியை எந்த மெக்கானிக்கும் மாட்டமாட்டான்னு தெரிஞ்சேதான் அதைக் கேட்டேன்,” என்றார் மணிவேல். “அவ நகத்துல அந்தச் செவப்பைப் பாத்த பிறகு, வேற சாக்கு சொல்ல எனக்கு வாய் வரலண்ணா.”