நிற்காத ரேடியோ

மகன் மோகன்ராஜ் வாங்கி அனுப்பிய டிஜிட்டல் ரேடியோவை, தனியாக இருக்கிற பெரியவர் சின்னப்பையன் ஒருநாளும் நம்பவில்லை. யாரும் தொடாமலே காலை அஞ்சு மணிக்குத் தானாகக் கத்துகிற சாமானை எவன் நம்புவான்? தினமும் எழுந்துபோய் பட்டனை அமுக்கினால்தான் வாயை மூடும்.

ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிற மகனுக்குப் போன் போட்டார்.

“கெட்டுப்போனத என் தலையில கட்டிட்டியேடா. வந்து என்னான்னு பாரு.”

“கெட்டெல்லாம் போகலப்பா. பட்டன அமுக்கினா நின்னுடும். தெனம் அமுக்கு, அது போதும்.”

“நீ இந்தப் பக்கம் வந்து ரெண்டு வருசமாச்சுடா.”

“லீவு இல்லப்பா.”

மறுநாளும் அது கத்தியது. ‘கத்திக்கினே கெட’ என்று விட்டுவிட்டு, வாசல் கதவைத் திறக்காமல் கொல்லைப்பக்கமாக இறங்கி டீக்கடைக்கு நடந்தார்.

எட்டு மணிக்குத் திரும்பினால் வீட்டு முன்னால் கும்பல். கதவை உடைத்திருந்தார்கள். நடுவில் மோகன்ராஜ், கையில் ரோஜா மாலை.

பக்கத்து வீட்டுச் சுகாசினிதான் சொன்னாள்.

“அந்த அஞ்சு மணிய வச்சுக் குடுத்ததே உங்க பையன்தான் தாத்தா. தெனம் பாடும், நீங்க எழுந்து நிறுத்திடுவீங்க. ஒருநாள் நிக்காமப் பாடிச்சுன்னா ஒடனே போன் பண்ணுன்னு எங்கிட்ட சொல்லி வச்சிருந்தாரு.”

சின்னப்பையன் மாலையைப் பார்த்தார்.

“வந்தது வந்துட்ட. ஒரு வாய் சாப்டுட்டுப் போ” என்றார்.