பதினேழாம் நம்பர் ஆலா

"பதினேழாம் நம்பரைத் திருடிட்டாங்க!"

நான் போட்ட சத்தத்தில் ஆபீஸ் டிரைவர் கையில் டீயோடு ஓடி வந்தார்.

பதினேழாம் நம்பர் என்பது ஓர் ஆலா. கடலோரப் பறவை. கடலுக்குள் காற்றாலைகள் நிறுவப்போகிறார்கள். அந்தப் பக்கம் எத்தனை பறவைகள் போகின்றன, எத்தனை அடிபட்டுச் சாகும் என்று முன்கூட்டியே சொல்வது என் வேலை. அதற்காக முப்பது ஆலாக்களின் முதுகில் நகத்தளவு கருவி மாட்டி, கம்ப்யூட்டரில் பின்தொடர்ந்துகொண்டிருந்தேன். பெற்ற மகள் எங்கே இருக்கிறாள் என்று மனைவியைக் கேட்டால்தான் எனக்குத் தெரியும். முப்பது ஆலாக்களும் எங்கே என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

இரண்டு நாளாகப் பதினேழு கடல் பக்கமே போகவில்லை. ஆபீஸுக்குப் பின்தெருவில் ஒரே வீட்டுக்குள் இருந்தது.

டிரைவர் திரையை எட்டிப் பார்த்தார். "இது நம்ம ஆபீஸ் பெருக்குற அக்கா வீடாச்சே சார்."

எனக்குப் பொறி தட்டியது. அந்த அக்கா விடியும்போதே வந்து வேலையை முடித்துவிடுவார். நாங்கள் உள்ளே நுழையும்போது, மூடிய பை ஒன்றை அணைத்துப் பிடித்தபடி வெளியே போவார்.

'இவரை வேலையில் வைத்திருப்பது பறவைகளுக்கு ஆபத்து' என்று இயக்குநருக்கு ஒரு புகார் எழுதினேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டு அனுப்பலாம் என்று, டிரைவரைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அக்கா கதவைத் திறந்தார். சுவரோரம் ஓட்டை போட்ட நாலு அட்டைப்பெட்டிகள். ஒன்றில் ஒரு மீன்கொத்தி. இன்னொன்றில், முதுகில் என் கருவியோடு பதினேழு.

"எத்தனை நாளா நடக்குது இந்த வியாபாரம்?"

"என்ன வியாபாரம்?"

"பிடிச்சு விக்கிறீங்களா, இல்லை சமைச்சுச் சாப்பிடறீங்களா?"

"ஐயையோ, மெதுவாப் பேசுங்க சார். அதுக்கு இன்னும் தலைசுத்து தீரலை."

"தலைசுத்தா?"

"உங்க ரூம் கண்ணாடியில போய் முட்டினா சுத்தாதா?"

தரையிலிருந்து கூரைவரை இருக்கும் கண்ணாடிச் சுவர் அது. உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்குக் கடல் தெரிய வேண்டும் என்று ஆறு மாதம் சண்டை போட்டு வாங்கினேன்.

"விடியறப்போ கடலும் வானமும் அப்படியே அதுக்குள்ள தெரியுது சார். பாவம், வழின்னு நெனச்சு வந்து முட்டுதுங்க. உசுரு இருக்கறதை இங்க கொண்டுவந்து வச்சு, தெளிஞ்சதும் விட்டுடுவேன். இல்லாததைப் புதைச்சிடுவேன்."

"இதுவரைக்கும் எத்தனை?"

"நான் எங்க சார் எண்ணினேன்? எண்ணுறது உங்க வேலையாச்சே."

டிரைவர் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

அக்கா தயங்கினார். "பயமா இருந்துச்சு. அதான் போன மாசம் கண்ணாடி முழுக்கப் பேப்பர் ஒட்டினேன். எந்த முட்டாள் ஒட்டினதுன்னு கத்திக்கிட்டே நீங்கதான் கிழிச்சுப் போட்டீங்க."

கத்தியது நன்றாக நினைவிருந்தது. இன்னும் முளைக்காத காற்றாலைகள் எத்தனை பறவைகளைக் கொல்லும் என்று இரண்டு வருடமாகக் கணக்குப் போட்டவன் நான். என் நாற்காலிக்கு எதிரிலேயே கொலை நடந்துகொண்டிருந்திருக்கிறது.

புகாரை அழித்தேன். மறுநாள் காலை கடற்கரையில் அக்கா கையை விரித்ததும் பதினேழு எழும்பி, இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடலைப் பார்த்துப் போனது. நேராக ஆபீஸ் வந்து, நாற்காலி மேல் ஏறிக் கண்ணாடியில் பட்டை பட்டையாகக் காகிதம் ஒட்ட ஆரம்பித்தேன். அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

இயக்குநர் உள்ளே வந்தார். "என்னய்யா இது? கடலே தெரியலை!"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "பறவைங்க இதுல மோதிச் சாகுதுங்க சார். நம்ம சார்தான் கண்டுபிடிச்சார்."

திகைத்துப்போய் அவரைப் பார்த்தேன்.

"நான்னு சொன்னா கிழிக்கச் சொல்லிடுவாங்க," என்று கிசுகிசுத்தார். "நீங்கன்னா விட்டுடுவாங்க சார்."

"அபாரம்!" என்றார் இயக்குநர். "இதையும் அறிக்கையில சேர்த்துடுங்க."

உண்மையை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தலையாட்டினேன்.

அந்த 'நாளை' இன்னும் வரவில்லை. அதற்குள் இந்தக் கண்டுபிடிப்புக்காக எனக்கு ஒரு கேடயமே கொடுத்துவிட்டார்கள். என் மேஜை மேல் பளபளவென்று இருக்கிறது.

தினமும் அதைத் துடைத்து வைப்பது அக்காதான்.