ஜன்னலோரக் குப்பி

கச்சா எண்ணெயைப் பார்த்து அதன் கதையைச் சொல்வதில் அண்ணியை மிஞ்ச அந்த ஆய்வகத்தில் ஆளில்லை. எண்ணெயைப் பகுத்துக் காட்டும் கருவியை இயக்கும் அவளுடைய நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவள் எல்லோருக்குமே அண்ணியாகிவிட்டாள்.

எண்ணெயில், வெயிலைக் குடித்து வளர்ந்த ஆதிகாலப் பாசிகளின் மிச்சம் இருக்கும். பூமிக்கடியில் நுண்ணுயிரிகள் அதைத் தின்னும். எளிதானதை முதலில், கடினமானதைக் கடைசியில். தின்றது போக மீந்ததெல்லாம் கணினித் திரையில் முகடுகளாக எழும். புதிதாகத் தோண்டிய ஓர் எண்ணெய்க் கிணற்றிலிருந்து குப்பியில் வந்த எண்ணெயில் ஒரு முகடுகூட எழவில்லை.

"வழிச்சுத் தின்னுட்டுப் போயிருக்கு. கிணத்த மூடச் சொல்லிடு," என்றாள் அண்ணி.

மறுவாரம் அதே குப்பியிலிருந்து ஒரு சொட்டை ஊசியால் எடுத்துக் கருவியில் ஓட்டிய நாத்தனார் குரல் கொடுத்தாள். "அண்ணி, காணாமப் போனதெல்லாம் வருது. கடைசியாத் தின்னதுதான் முதல்ல வந்திருக்கு."

"ஊசியை ஒழுங்காக் கழுவியிருக்க மாட்டே. சாப்பிட்ட சாப்பாடு தட்டுக்குத் திரும்புமா?"

கழுவி ஓட்டியதில் முகடுகள் இன்னும் கூடின. அண்ணி அசரவில்லை. தார் போலிருந்த எண்ணெயில் லேசாகப் பாசிப்பச்சை தட்டியிருந்ததைக் குப்பிக் கண்ணாடியின் நிறம் என்றாள். குப்பியை ஜன்னலோரம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்தபோது எண்ணெய் ஜன்னல் பக்கமாகக் குப்பியில் ஏறி நின்றது.

"மேசை சாய்ஞ்சிருக்கு," என்று அண்ணி குப்பியைக் கையிலெடுத்து, நேராகப் பிடித்து, மறுபக்கம் திருப்பினாள்.

"கிணத்துல இன்னைக்குத்தான் கான்கிரீட் ஊத்துறாங்க அண்ணி," என்றாள் நாத்தனார் மெதுவாக.

அண்ணியின் கையிலிருந்த குப்பிக்குள் எண்ணெய் நிதானமாகச் சுற்றி வந்து, மறுபடி வெயிலைப் பார்த்து நின்றது.