கொழுந்தனுக்குப் பிடித்த பியர்

"இன்னும் கொஞ்சம் இனிப்பு போடு" என்றாள் மவ்ரீன், ஸ்டவுட் என்னும் கறுப்பு பியரை ருசி பார்த்துவிட்டு.

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் பதினைந்து வருடமாக வீட்டிலேயே பியர் காய்ச்சும் அவள் கணவன் ரோலண்டுக்கு எரிச்சல். "கசப்பும் இனிப்பும் சமமா நிக்கணும். இதுக்கு மேல போட்டா வெறும் பாகுதான்."

"போன ஞாயிறு உன் தம்பி ட்ரெவர் இதைக் கரித்தண்ணின்னு சொன்னானே? அஞ்சு பாட்டிலக் காலி பண்ணிட்டு, நம்ம கறியையும் தின்னுட்டுச் சொன்னான். மகாராஜா நாக்குக்கு ஏத்த மாதிரி செய்."

வாராவாரம் அழைக்காமலே வந்து உட்காரும் தம்பி மேல் மனைவிக்கு இத்தனை பாசமா! நெகிழ்ந்துபோன ரோலண்ட், சர்க்கரையை இன்னும் கால் கிலோ கரைத்து ஊற்றிப் பாட்டில்களில் அடைத்தான்.

அது தயாரான ஞாயிறு, ட்ரெவர் ஆறு பாட்டில் குடித்தான். முதல்முறையாகப் பாராட்டவும் செய்தான்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை.

போனில் பேசிவிட்டு வந்த ரோலண்ட், "போன ஞாயிறு இங்கேயிருந்து போனதும் மூணு நாள் கக்கூஸ விட்டு எழுந்திரிக்கலையாம். இனிமே நம்ம வீட்டுப் பக்கமே வரமாட்டானாம்" என்றான்.

"அடப்பாவமே! பால் ஒத்துக்காதுன்னு டாக்டர் சொன்னதா போன மாசமே எங்கிட்ட சொன்னான்."

"நாம எங்க பால் குடுத்தோம்?" என்ற ரோலண்டின் கண் அலமாரியிலிருந்த சர்க்கரைப் பாக்கெட்டில் போய் நின்றது. அவன் கரைத்து ஊற்றியது சாதாரணச் சர்க்கரை இல்லை; ஸ்டவுட்டில் இனிப்பு தங்குவதற்காகச் சேர்க்கும், பாலிலிருந்து எடுத்த சர்க்கரை.

மவ்ரீன் மேஜையில் இரண்டே தட்டுகளை வைத்தாள்.

"அடுத்த தடவை நீ சொன்ன மாதிரியே இனிப்பைக் குறைச்சுக்கோ" என்றாள்.