கேலிமுறை

"பயறு தின்னி வந்துட்டான், வழி விடுங்க" என்று ஸிரா குரல் கொடுத்ததும் ஆற்றங்கரைச் சந்தையே சிரித்தது.

ஜெனரல் கூலிபாலியும் சிரித்தார்.

சிரித்துத்தான் ஆகவேண்டும். கூலிபாலி குலத்துக்கும் கெய்தா குலத்துக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலிமுறை. பயறு தின்னி என்பது கூலிபாலிகளைச் சீண்டும் பழைய பட்டம். ஸிரா மாதிரி கெய்தா வீட்டுப் பெண் என்ன சொன்னாலும் கூலிபாலி கோபப்படக் கூடாது. நாட்டுக்கே ஜனாதிபதியாக இருந்தாலும் சரி.

டாங்கியோடு வந்து வானொலி நிலையத்தைப் பிடித்தவர். அப்புறம் சீருடையைக் கழற்றி, வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு ஓட்டுக் கேட்டார். இப்போது பக்கத்து நாட்டுச் சண்டைகளையெல்லாம் இவர்தான் தீர்த்துவைக்கிறாராம். இன்று, தன் பெயர் வைத்த படகுத்துறையைத் தானே திறந்துவைக்க வந்திருக்கிறார்.

ஸிராவின் மீன்கடை முன்னால் நின்றார். கேமராக்கள் சூழ்ந்தன.

அங்கிக்குக் கீழே பூட்ஸ் தெரிகிறதே என்றாள் ஸிரா. மற்றவன் வாயைப் பொத்திக்கொண்டு கிடப்பதற்குத்தான் உங்கள் குலத்தில் சமாதானம் என்று பெயரா என்றாள். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் கைதட்டியது.

அவர் ஒரு வாட்டிய மீனை எடுத்து முகர்ந்து, கெய்தாக்களுக்கு மீன் வாட்டக்கூடத் தெரியாது, என் வீட்டுக்கு அடிமையாக வா, கற்றுத் தருகிறேன் என்றார். அடிமை என்பதும் இந்தக் கேலியில் சேர்த்திதான். அதற்கும் சிரிப்பு.

அவளிடம் இன்னொன்று மிச்சமிருந்தது. போன அலுவலகமெல்லாம் வாசலிலேயே நிறுத்தித் திருப்பியனுப்பிய கேள்வி.

இடுப்பில் கைவைத்து, அதே கேலிக் குரலில் கேட்டாள்.

"அதெல்லாம் கெடக்கட்டும் பயறு தின்னி. என் புருஷனை எங்க வெச்சிருக்கே?"

சந்தை விழுந்து விழுந்து சிரித்தது. அங்கிக்குள்ளே தேடிப்பார் அக்கா என்று யாரோ பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தார்கள்.

சிரிக்கட்டும். பாதிப் பேர், ராணுவ லாரி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது பிறந்திருக்கவே இல்லை. துக்கம் காக்க அவளுக்கு ஒரு நாள் தெரியாது. ஒரு பிடி மண் போட ஓர் இடம் தெரியாது.

கோபப்படுவார், இல்லையென்றால் மழுப்புவார் என்றுதான் எதிர்பார்த்திருந்தாள். இரண்டுக்கும் பதில் வைத்திருந்தாள்.

அவர் சிரிப்பு மாறாமலே குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"எந்த வருஷம்?"

கேலியில்லை. கண்களைச் சுருக்கிக்கொண்டு, நிஜமாகவே ஞாபகப்படுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.